மண்ணின் ஈரத்தை 20 வருஷம் எழுதிவைக்க எது நல்லது: செய்மதியா, சென்சரா, மழைமானியா, அடுப்பா?

இலங்கை மலைநாட்டின் ஊவாப் பக்கம் தேயிலைக் காணியோ மரக்கறித் தோட்டமோ வைத்திருக்கிற யாரிடம் பேசினாலும் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும்: மண் முந்தி மாதிரி ஈரம் பிடிக்கிறதில்லை. "அந்தக் காலத்தில ஆடி மாசமும் முள்ளு இறங்கும். இப்ப ரெண்டு குத்துக்கே கை நோகுது" என்று எங்கள் சிறுதோட்டக்காரர் சங்கத்தில் ஒரு அம்மா சொன்னார். முள்ளு என்பது மண்ணைக் குத்திக் கிளறுகிற கருவி. வாழ்நாள் முழுக்கக் கொழுந்துக்கும் மண்ணுக்கும் நடுவில் நின்றவர். அவர் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் கான் (வடிகால்) வெட்டவும், மண்ணைத் தடுக்கக் கல்லணை கட்டவும் உதவி கேட்டு ஒரு கந்தோருக்குப் போனால், எவ்வளவு குறைந்தது, எந்த வருஷத்திலிருந்து என்றுதான் கேட்பார்கள். சொல்ல எங்கள் கையில் எழுத்தில் ஒன்றும் இல்லை.

சங்கத்தில் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறோம். அதை வைத்து மண் ஈரலிப்பை வருஷக்கணக்கில் அளந்து எழுதிவைக்க வேண்டும். எந்த வழியில் என்பதுதான் கேள்வி. இளைஞர்கள் செய்மதி என்கிறார்கள், ஒருவர் சென்சர் என்கிறார், இன்னொருவர் தோட்டத்து மழைப் புத்தகமே போதும் என்கிறார். என் தீர்ப்பு இது: மழைமானி, துளைகருவி, தராசு, உலர்த்தும் அடுப்பு. இவை நான்கையும் சேர்த்துத்தான் ஒரு வழி என்கிறேன். மற்றவற்றை ஏன் ஒதுக்குகிறேன் என்பதை விளக்காமல் இதைச் சொல்வது நியாயமில்லை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இன்றைக்குக் கோவாப் பயிருக்குத் தண்ணீர் விட வேண்டுமா என்பது ஒரு கேள்வி. இந்த மலையின் மண் 20 வருஷத்தில் மாறியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு உடனே பதில் தருகிற கருவி வேண்டும், கொஞ்சம் பிழை இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவதற்கு, இன்று நான் எடுத்த அளவையும் 2045இல் வேறொருவர் எடுக்கப்போகிற அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிய வேண்டும். கடைகளில் விற்கிற கருவிகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கானவை. நாங்கள் கேட்பது இரண்டாவது.

சரி, செய்மதி.

இதன் கவர்ச்சி புரிகிறது. இலவசம், போனிலேயே பார்க்கலாம், பழைய தரவும் கிடைக்கும். ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ஸ்மோஸ் 2009 நவம்பரிலும் நாசாவின் ஸ்மாப் 2015 ஜனவரி 31ஆம் திகதியும் ஏவப்பட்டன. நிலம் இயல்பாகவே வெளிவிடும் நுண்ணலையை இவை அளக்கின்றன. காய்ந்த மண் கூடுதலாக வெளிவிடும், ஈர மண் குறைவாக வெளிவிடும், அந்த வித்தியாசத்திலிருந்து ஈரலிப்பைக் கணக்கிடுகிறார்கள். இவற்றையும் இவற்றுக்கு முந்தைய பல செய்மதிகளையும் கோத்து, 1978இலிருந்து ஒரே தொடராக ஐரோப்பிய முகவரகம் ஒரு தொகுப்பு வெளியிடுகிறது. 40 வருஷத்துக்கு மேலான பதிவு சும்மா கிடைக்கும்போது நாங்கள் ஏன் மண்ணைத் தோண்ட வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

இந்த முறை நன்றாக எடுபடுவது மரமில்லாத, மட்டமான, ஒரே மாதிரியான நிலத்தில். வறண்ட புல்வெளியும் பாலைவன ஓரமும் அப்படிப்பட்டவை. ஸ்மாப்பின் ஒரு கட்டம் ஏறத்தாழ 36 கிலோமீற்றர் நீளம், 36 கிலோமீற்றர் அகலம். சகாராவில் அப்படி ஒரு கட்டத்தை எடுத்தால் உள்ளே பல இடங்களில் ஒரே மணல்தான். அந்தக் கட்டத்துக்கு ஒரே எண்ணைக் கொடுத்தாலும் பெரிய அநியாயம் நடந்துவிடாது.

அங்கேயும் எல்லாம் சுலபமில்லை. ஸ்மாப் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கின்படி, 100 பங்கு மண்ணில் 4 பங்கு ஈரம் வரை பிழை வரலாம். பாலைவன மேல்மண்ணில் பெரும்பாலான நாட்களில் மொத்த ஈரமே 10 பங்கைத் தொடாது. அதில் 20 வருஷத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அந்த மண்ணுக்கு அது பெரிய மாற்றம், ஆனால் கருவியின் பிழைக்குள் மறைந்துவிடும். அதனால் ஆய்வாளர்கள் ஒரு நாள் எண்ணை நம்பாமல் பல வருஷச் சராசரிகளையே ஒப்பிடுகிறார்கள். தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிற ராடர் வகைச் செய்மதிகளுக்கு இன்னொரு தொல்லை. நன்றாகக் காய்ந்த மணலுக்குள் ராடர் அலை இறங்கி, அடியில் இருக்கிற பாறையில் பட்டுத் திரும்பும். 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் கொண்டுபோன ராடர் இப்படித்தான் எகிப்து, சூடான் பக்கம் மணலுக்கடியில் புதைந்துகிடந்த பழைய ஆற்றுப் படுகைகளைக் காட்டியது. அது அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் ஈரலிப்பைக் கணக்கிடும் முறைக்கு, அடியிலிருந்து திரும்பி வரும் அதே அலை ஈரம் மாதிரித் தோன்றி, காய்ந்த மணலை நனைந்ததாகக் காட்டிவிடுகிறது.

இனி எங்கள் பக்கம் வருவோம். ஹோர்ட்டன் சமவெளியின் கிழக்கு ஓரத்திலிருந்து வெல்லவாய வரை நேர்கோட்டில் அளந்தால் 36 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடும். ஒரே கட்டத்துக்குள் 2,100 மீற்றர் உயரத்து முகில் காடும், வெலிமடையின் உருளைக்கிழங்கு வயலும், அப்புத்தளையின் தேயிலையும், 200 மீற்றர் உயரத்து வெல்லவாயவின் வறண்ட நிலமும் வரலாம். அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண். அந்த எண் குறைந்தால் யாருடைய மண் காய்ந்தது? மேலே காடு ஈரமாகவும் கீழே காணி வறண்டும் போனால் அந்த எண் அசையாமலேகூட இருக்கலாம்.

சரிவும் மரமும் வேறு இருக்கின்றன. ராடருக்கு முகம் காட்டுகிற சரிவு பளிச்சென்று தெரியும், முதுகு காட்டுகிற சரிவு நிழலில் விழும். அடர்ந்த காட்டில் இலையிலும் கிளையிலும் இருக்கிற நீரே மண்ணை மறைத்துவிடுகிறது. இத்தனையையும் தாண்டி செய்மதி பார்ப்பது மேல் 5 சென்ரிமீற்றர் மட்டும். தேயிலை வேர் தேடுகிற ஈரம் அதற்குக் கீழே.

நீண்ட காலப் பதிவு என்பதிலும் ஒரு சிக்கல். ஸ்மாப்பிலிருந்த ராடர் 2015 ஜூலையிலேயே செயலிழந்தது, அதன் மற்றக் கருவி தொடர்கிறது. 1978இலிருந்து வருகிற தொகுப்போ வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அலைநீளத்தில் பார்த்த கருவிகளை ஒட்டியது. ஒட்டுகிறவர்கள் மிகக் கவனமாகச் செய்கிறார்கள், ஆனாலும் ஒட்டிய இடத்தில் வருகிற துள்ளலை மண்ணின் மாற்றம் என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. நிலத்தடி நீரையும் சேர்த்து எடை பார்க்கிற கிறேஸ் என்ற இரட்டைச் செய்மதி 2002இல் போனது, 2018இல் அதற்கு மாற்று போனது. அதன் பார்வை சில நூறு கிலோமீற்றர் அகலம், முழு இலங்கையுமே அதற்கு ஒரு புள்ளி மாதிரி.

என் கருத்தில் செய்மதித் தரவை நாடளவில் வறட்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வைத்துக்கொள்ளலாம். எங்கள் மலையின் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மரவளையம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தென்மேற்கில், மொஹாவே, சொனோரா பாலைவனங்கள் இருக்கிற பக்கம், மரவளையங்களைக் கொண்டு கோடைகால மண் ஈரலிப்பை 1,200 வருஷத்துக்குப் பின்னோக்கிக் கணித்திருக்கிறார்கள். 2000 முதல் 2021 வரையான 22 வருஷம், கி.பி. 800க்குப் பிறகு வந்த எந்த 22 வருஷத்தையும் விட வறண்டது என்றும், அந்தக் குறைவில் 42 சதவீதம் மனிதரால் வந்த காலநிலை மாற்றத்தினால் என்றும் 2022இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அங்கே குளிரில் மரம் வளர்ச்சியை நிறுத்துவதால் வருஷத்துக்கு ஒரு வளையம் தெளிவாக விழும். எங்கள் மரங்கள் வருஷம் முழுக்க வளர்கிறவை, வளையத்தை நம்ப முடியாது. ஹோர்ட்டன் சமவெளியின் கரிச்சேற்றில் புதைந்த மகரந்தத்தை வைத்து ஏறத்தாழ 24,000 வருஷத்துக் காலநிலையை வாசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. ஆனால் அது ஆயிரமாண்டுகளில் பேசும், எங்களுக்கு வேண்டியது பத்தாண்டுகளில்.

அடுத்து மழைப் புத்தகம். இதைச் சொன்னவர் ஒரு பெரிய தோட்டத்தில் கந்தோர் வேலை பார்த்தவர், அவர் வாதம் பலமானது. மலையகத் தோட்டங்களில் காலை 8.30க்கு மழைமானியைப் பார்த்து எழுதுகிற பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நுவரெலியா, பதுளைப் பதிவுகள் நூறு வருஷத்துக்கும் மேலானவை. மழையிலிருந்து ஆவியாகிப் போவதைக் கழித்தால் மண்ணில் மிஞ்சுவது தெரியும். மழைமானி மலிவு, பழுதாவதற்கு அதில் ஒன்றுமில்லை, கடந்த காலமும் கைக்கு வருகிறது. பாலைவனத்தில் இந்தக் கணக்குப் பொருந்தவும் செய்கிறது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் வருஷத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மழைதான் கிடைக்கும். அந்த மணலின் ஈரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வானம்தான்.

இங்கே அப்படியில்லை, என் வாதத்தின் நடுப்புள்ளியும் இதுதான். மலைநாட்டில் மழை மாறாமலே மண்ணின் ஈரம் மாறலாம். கோப்பிக் காலத்திலும் அதற்குப் பிறகு தேயிலை வந்த ஆரம்பத்திலும் ஒரு புல்லும் விடாமல் சுரண்டி, நிலத்தை வெறுமையாக வைப்பதைத்தான் நல்ல விவசாயம் என்று துரைமார் நினைத்தார்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் மேல்மண் ஓயாவில் போனது. இது பெரிய பிரச்சினை என்று அரசே ஒத்துக்கொண்டு 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. மேல்மண் போனால் அதோடு உக்கலும் (மக்கிய இலைதழையும்) போகும், உக்கல்தான் தண்ணீரைப் பிடித்து வைப்பது. உருளைக்கிழங்குக் காணியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மண்ணைப் புரட்டும்போதும் இதே கதை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேர் இருக்கிற 60 சென்ரிமீற்றர் மண், பயிருக்குக் கொடுக்கக்கூடிய தண்ணீராக 80 மில்லிமீற்றர் பிடித்து வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 3 மில்லிமீற்றர் போனால், மழை நின்ற பிறகு 26 நாள் தாங்கும். அதே மண் மேற்பகுதியை இழந்து 60 மில்லிமீற்றர்தான் பிடிக்கிறது என்றால் 20 நாள். மழைமானியில் ஒரு துளி வித்தியாசமும் இல்லை, செடிக்கு ஆறு நாள் போய்விட்டது. ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசுகிற எங்கள் பக்கத்தில் அந்த ஆறு நாளில் என்ன நடக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மா சொன்னது மழை குறைந்தது என்று இல்லையே, மண் ஈரம் பிடிக்கவில்லை என்றுதானே சொன்னார். மழைப் புத்தகம் மட்டும் வைத்திருந்தால் அவர் சொன்னதை நாங்கள் பொய்யென்று தீர்ப்பெழுதிவிடுவோம்.

மழை எவ்வளவு வேகமாகக் கொட்டியது என்பதையும் தினக்கணக்கு சொல்லாது. இரண்டு மணிநேரத்தில் கொட்டித் தீர்த்த 80 மில்லிமீற்றரும் மூன்று நாள் தூறிய 80 மில்லிமீற்றரும் புத்தகத்தின் மாதக் கூட்டலில் ஒன்றுதான். மண்ணுக்குள் இறங்கியது ஒன்றல்ல.

எனவே மழைமானி கட்டாயம் வேண்டும், ஆனால் தனியாகப் போதாது.

இந்த இடத்தில் கிணறு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் அதுவும் வந்தது. 2014 டிசம்பரில் உமா ஓயா திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் பெருக்கெடுத்த பிறகு பண்டாரவளைப் பக்கம் எத்தனையோ கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. கிணற்று நீர்மட்டத்தை எழுதிவைப்பது மிக அவசியம், அதைத் தனியாகச் செய்யுங்கள் என்பேன். ஆனால் கிணறு காட்டுவது ஆழத்து நீரை. வேர் மண்டலம் நனைந்திருக்கும்போதே கிணறு வற்றலாம், கிணற்றில் தண்ணீர் நிற்கும்போதே மேல்மண் வெடித்துக் கிடக்கலாம். ஒன்றை வைத்து மற்றதைச் சொல்ல முடியாது.

இனி மண்ணுக்குள் பதிக்கிற கருவிகள். டென்சியோமீட்டர் என்பது நுனியில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் கிண்ணம் வைத்த, தண்ணீர் நிரப்பிய ஒரு குழாய். மண் காயும்போது குழாயிலிருந்து தண்ணீரை இழுக்கும், அந்த இழுவையை மேலே இருக்கிற மானி காட்டும். செடி எவ்வளவு சிரமப்பட்டு உறிஞ்சுகிறது என்பதையே நேரடியாகக் காட்டுவதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு. ஆனால் கடல்மட்டத்தில் 80, 85 கிலோபாஸ்கல் இழுவைக்கு மேல் போனால் காற்று புகுந்து வேலையை நிறுத்திவிடும். உயரம் கூடக்கூட அந்த எல்லையும் குறையும், ஏறத்தாழ 100 மீற்றருக்கு ஒரு கிலோபாஸ்கல் வீதம். நுவரெலியா உயரத்தில் 65 அளவில் நின்றுவிடும். பாலைவனத்து மண் வருஷத்தில் பெரும்பகுதி இந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கும் என்பதால் அங்கே இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்களுக்கு ஈரமான மாதங்களில் மிக நன்றாக வேலை செய்யும், ஆவணியில் கைவிடும். எங்களுக்கு முக்கியமான மாதம் ஆவணி. கிழமைக்கு ஒரு தடவையாவது தண்ணீர் நிரப்பவும் ஆள் வேண்டும்.

அதற்கு நேர் எதிர் ஜிப்சம் கட்டி. இரண்டு கம்பிகளை ஜிப்சத்துக்குள் பதித்து மண்ணில் புதைத்துவிட்டு மின்தடையைப் பார்ப்பார்கள். வறண்ட மண்ணில் நன்றாகப் பேசும், விலையும் குறைவு. ஆனால் ஜிப்சம் கரையும். பி.எச். 4.5, 5.5 என்று இருக்கிற எங்கள் நனைந்த தேயிலை மண்ணில் சில வருஷத்தில் கட்டி தேய்ந்து, அதே ஈரத்துக்கு வேறு எண் காட்டத் தொடங்கும். மண் மாறியதா, கட்டி மாறியதா என்று சண்டை வரும். 20 வருஷப் பதிவுக்கு இதைவிட மோசமான குணம் வேறில்லை.

மின்னணு சென்சர்தான் சங்கத்தில் பெரிய ஆதரவு பெற்றது. ஒரு பொருள் மின்புலத்துக்கு எவ்வளவு இடங்கொடுக்கிறது என்பதைச் சொல்கிற எண் மின்கோடுபுகு மாறிலி. தண்ணீரினது ஏறத்தாழ 80, காய்ந்த மண்ணினது 3 முதல் 5. அந்தப் பெரிய இடைவெளியைப் பயன்படுத்தி ஈரத்தைக் கணக்கிடுகிறது. நல்ல சென்சர்கள் உண்மையிலேயே நல்லவை. மணிக்கு மணி எழுதும், மழை இறங்குவதையும் வேர் உறிஞ்சுவதையும் படம் போட்டுக் காட்டும். ஆனால் அதோடு வருகிற சமன்பாடு எங்கள் மண்ணுக்கென்று செய்தது இல்லை, களியும் உக்கலும் கூடின மண்ணில் எண் தள்ளிப்போகும். சரிப்படுத்த ஒரே வழி பக்கத்தில் மண்ணெடுத்து அடுப்பில் உலர்த்திப் பார்ப்பதுதான். அதாவது சென்சர் வாங்கினாலும் அடுப்பு இல்லாமல் முடியாது. அப்புறம் சித்திரையிலும் ஐப்பசியிலும் விழுகிற இடி, கம்பியைக் கடிக்கிற எலி, கிழங்கு தேடி எல்லாவற்றையும் கிளறுகிற காட்டுப்பன்றி. ஐந்தாறு வருஷத்தில் சென்சரை மாற்ற வேண்டி வரும், அப்போது அதே மாதிரி கடையில் இருக்காது. செய்மதிக்குச் சொன்ன ஒட்டுப்போடும் சிக்கல் இங்கேயும் வரும்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் செய்கிற செயற்றிட்டங்களில் சில நூறு ரூபாய்க்கு வாங்குகிற இரட்டைக் கம்பி சென்சரும் இருக்கிறது. படிப்பதற்கு அது நல்லது, ஊக்கப்படுத்துங்கள். ஆனால் மின்சாரம் ஓட ஓட கம்பி அரித்துப்போகும், அது காட்டுகிற எண்ணும் ஈரத்தின் அளவு இல்லை. பதிவேட்டில் அதைச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக அடுப்பு. இது பழைய முறை, பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லை. ஆனால் மற்ற எல்லா முறைகளும் தாங்கள் சரியா என்று கேட்க வந்து நிற்கிற இடம் இதுதான். உக்ரேனில் 1958 முதல் 2002 வரை, பயிர்க்காலத்தில் பத்து நாளைக்கு ஒரு தடவை, மேல் ஒரு மீற்றர் மண்ணைத் துளைத்தெடுத்து உலர்த்தி நிறுத்து எழுதியிருக்கிறார்கள். 45 வருஷம். வெப்பம் கூடுவதால் கோடையில் மண் காய்ந்திருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அந்தப் பதிவேடு ஈரலிப்பு கூடியதையே காட்டியது. துளைகருவியும் தராசும் பிடித்த கைகள் எழுதிவைத்த எண்களை வைத்துத்தான் கணினி மாதிரிகளைத் திருப்பிக் கேள்வி கேட்க முடிந்தது.

செய்முறை இது. மூடியுள்ள சிறு அலுமினிய டின்களுக்கு இலக்கம் அடித்து, ஒவ்வொன்றின் வெற்று எடையையும் முதலில் எழுத வேண்டும். தேயிலை வரிசைகளுக்கு நடுவில், உரம் போட்ட குழியையும் கானையும் தவிர்த்து, துளைகருவியைத் திருகி இறக்க வேண்டும். 0 முதல் 15 சென்ரிமீற்றர், 15 முதல் 30, 30 முதல் 45 என்று மூன்று ஆழம். கருவியின் வெளிப்பக்கம் ஒட்டிவருகிற மண்ணை வழித்து எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் டின்னில் போட்டு, அந்த இடத்திலேயே மூடிவிட வேண்டும். வெயிலில் திறந்து வைத்துக்கொண்டு கதைத்தால் எடுத்த மண்ணே பொய் சொல்லும். தூறலில் பேனா அழியும், பென்சிலால் எழுதுங்கள். அன்றைக்கே நிறுத்து, 105 பாகை செல்சியஸில் 24 மணிநேரம் மூடி திறந்து உலர்த்தி, ஆறியதும் திரும்ப நிறுக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்குக் கழிக்கிற மாதிரி டின்னுக்குக் கழிக்க வேண்டும். வித்தியாசம் என்னவென்றால் இங்கே கழிப்பது சரியான எடை, அதிலொரு கிராமும் யாருடைய விருப்பத்துக்கும் விடப்படவில்லை.

எடுத்துக்காட்டுக்கு, டின் கழித்து ஈர மண் 120 கிராம், உலர்ந்த பிறகு 96 கிராம் என்றால் போன தண்ணீர் 24 கிராம். 24ஐ 96ஆல் வகுத்தால் 25 சதவீதம். மண்ணின் பருமனடர்த்தி, அதாவது ஒரு கன சென்ரிமீற்றர் மண்ணின் உலர்ந்த எடை, 1.1 கிராம் என்றால் கனவளவுப்படி 27.5 சதவீதம். 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அது 41 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். இப்படி மாற்றினால்தான் மழைமானியின் எண்ணோடு நேராக ஒப்பிடலாம். பருமனடர்த்திக்கு, கனவளவு தெரிந்த ஒரு இரும்பு வளையத்தை மண்ணில் அடித்திறக்கி, உள்ளிருக்கும் மண்ணை உலர்த்தி நிறுக்க வேண்டும். இதை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்தால் போதும். மண் இறுகுகிறதா என்பதையும் அது காட்டிவிடும். முள்ளு இறங்காத கதைக்கு விடை அங்கேயும் இருக்கலாம்.

இந்த முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆள் வேலை அதிகம். மாதத்துக்கு ஒரு தடவை என்றால் இடையில் நடப்பது தெரியாது. ஒரே துளையில் திரும்ப எடுக்க முடியாது, பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும், இரண்டு துளைக்கு நடுவிலேயே ஈரம் வேறுபடும். அதனால் ஒரு இடத்தில் மூன்று துளையாவது போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். முறையின் பலம் அதன் எளிமையில் இருக்கிறது. 105 பாகை 2045இலும் 105 பாகைதான், கிராமும் கிராம்தான். யார் செய்தாலும், எந்தத் தராசில் செய்தாலும் அந்த எண் இன்றைய எண்ணோடு பேசும். உலர்த்தும் அடுப்பு விவசாயம் படிப்பிக்கிற பெரிய பாடசாலைகளின் ஆய்வுகூடத்தில் இருக்கும். தூளின் ஈரத்தைப் பரிசோதிக்கிற தேயிலைத் தொழிற்சாலையிலும் கேட்டுப் பார்க்கலாம். விறகடுப்பில் சட்டி வைத்து வறுக்கிற யோசனை வேண்டாம், சூடு ஏறினால் உக்கலும் எரிந்து தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

எங்கே எடுப்பது என்பதில்தான் கூடுதல் யோசனை தேவை. ஒரே சரிவில் மேல், நடு, அடி என்று மூன்று இடம். தேயிலையில் ஒன்று, மரக்கறியில் ஒன்று, பக்கத்தில் தொடாமல் விட்ட காடோ மானாப்புல்லோ இருந்தால் அதில் ஒன்று. அந்தத் தொடாத இடம் மிக முக்கியம். மூன்றிலும் ஈரம் குறைந்தால் வானத்தில் மாற்றம், பயிர்க் காணியில் மட்டும் குறைந்தால் மண்ணில் மாற்றம். எங்கள் கேள்வியே அதுதான்.

கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடுவது, ஒரு பெரிய பொறி. கவ்வாத்து வெட்டிய மலையில் இலையில்லாததால் செடி உறிஞ்சுவது குறையும், நிலத்தில் வெயிலும் விழும். செடி திரும்ப மூட மூட ஈரத்தின் போக்கும் மாறும். மூன்று, நான்கு வருஷச் சுற்றில் இது ஏறி இறங்கும்போது, நடுவில் நின்று பார்ப்பவருக்கு மண் காய்ந்துகொண்டே போவதாகத் தோன்றும். எனவே கவ்வாத்துத் திகதியை எழுதி, ஒரு சுற்றின் இரண்டாம் வருஷத்தை அடுத்த சுற்றின் இரண்டாம் வருஷத்தோடு ஒப்பிட வேண்டும். பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோவும் இப்படித்தான். அந்த வருஷங்களில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுவது வழக்கம். நாலைந்து வருஷப் பதிவில் அதுதான் தெரியும், நீண்ட மாற்றம் தெரியாது. சகாராவின் தெற்கு ஓரத்து சாஹேல் நாடுகளில் 1970களையும் 80களின் முற்பகுதியையும் மட்டும் அளந்தவர் பாலைவனம் இறங்கி வருகிறது என்பார், அதற்குப் பிறகு மட்டும் அளந்தவர் பச்சை திரும்புகிறது என்பார். இரண்டு பேரும் அளந்தது சரி, நீளம்தான் போதவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவேட்டை மண்சரிவுக்குப் பயன்படுத்தாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. சரிவைத் தள்ளுவது ஆழத்தில் நிரம்புகிற நீர், மாதத்துக்கு ஒரு தடவை 45 சென்ரிமீற்றர் தோண்டி அதைக் காண முடியாது. அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைத்தான் கேட்க வேண்டும். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். சங்கத்தின் மழைமானி அந்த நாட்களில் இரவிலும் பார்க்கப்பட வேண்டும்.

ஆக, நான் சங்கத்துக்கு எழுத்தில் கொடுக்கப்போகிற யோசனை இப்படி. முதல் செலவு இரண்டு மழைமானிகள், ஒன்று மலை மேலே, ஒன்று அடியில். அடுத்து துளைகருவி, 0.1 கிராம் வரை காட்டுகிற தராசு, டின்கள், ஒரு வளையம். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மண் எடுப்பது. மழை பெய்தாலும் எடுப்பது, ஏனென்றால் காய்ந்த நாளாகப் பார்த்து எடுத்தால் பதிவும் ஒரு பக்கம் சாயும். முந்தைய மூன்று நாள் மழையைப் பக்கத்தில் எழுதுவது. பணம் மிஞ்சினால் இரண்டு டென்சியோமீட்டர் வாங்கி மரக்கறிக்காரரிடம் கொடுக்கலாம், தண்ணீர் விடும் நேரத்தை அது சொல்லும், பதிவேட்டில் அது சேராது. சென்சருக்கு யாராவது நன்கொடை தந்தால் வாங்குவோம், ஆனால் அடுப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அதன் எண்ணை எழுதுவோம்.

இடங்களைக் குறிக்கும் முன் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பசறை நிலையத்தில் ஒரு முறை காட்டி ஆலோசனை கேட்பது நல்லது. பதிவேட்டுக்கு இரண்டு பிரதி: ஒன்று சங்கத்தில், ஒன்று பாடசாலையில். ஒவ்வொரு பக்கத்தையும் மாதம் முடிந்ததும் போனில் படம் எடுத்து எல்லா உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். மண் எடுக்கிற வேலையை எப்போதும் இரண்டு பேர் செய்ய வேண்டும், அதில் ஒருவர் 25 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். கூட்டத்தில் இந்தக் கடைசி நிபந்தனையை யாராவது தளர்த்தச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.